மாறாத நெல் என்று ஒன்று உண்டா?

விதைத் திருவிழா மேடைகளிலும் வேளாண் கருத்தரங்குகளிலும் நெல்லுக்காக வாதாடும் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,



2025 மே மாதம், மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை ஒன்றிய வேளாண் அமைச்சர் அறிவித்தார். ஒன்று, நம் ஊரில் பிபிடி என்றும் ஆந்திரா பொன்னி என்றும் விற்கிற சம்பா மசூரியிலிருந்து ஐதராபாத்தின் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டிஆர்ஆர் ரைஸ் 100. கமலா என்பது அதன் செல்லப்பெயர். மற்றொன்று, எம்டியு 1010 ரகத்தைத் திருத்திப் புதுதில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா டிஎஸ்டி ரைஸ் 1. அந்த அறிவிப்புக்குப் பிறகு உங்களிடையே எழுந்த வாதங்களைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். “இயற்கை தந்த நெல்லின் மரபில் கை வைக்காதீர்கள்” என்கிறது ஒரு தரப்பு. “வேற்று உயிரின் மரபணு எதையும் நுழைக்கவில்லை, ஒரே ஓர் இடத்தைத் திருத்தினோம், மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது” என்கிறது மறுதரப்பு.

சண்டை கடுமையாகத் தெரிந்தாலும் அடிப்படையில் நீங்கள் இருவரும் ஒத்துப்போகிறீர்கள். நெல்லின் மரபணுத் தொகுதி அசையாமல் கிடக்கிற சொத்து, மனிதன் தொட்டால்தான் அது மாறும் என்று இரு தரப்பும் நம்புகின்றன. அந்த நம்பிக்கை தவறு. நெல்லுக்குள்ளேயே இடம் மாறித் திரிகிற துண்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றை அடக்கி வைக்கிற வேலையை நெல்லே ஓயாமல் செய்து வருகிறது. இது தெரிந்தால் உங்கள் இருவருடைய கேள்வியும் மாறும். அதற்காகவே இந்த மடல்.

நிப்பான்பரே என்ற ஜப்பானிய ரகத்தின் முழு மரபணுத் தொகுதியைப் பத்து நாடுகள் கூடிப் படித்து 2005-ல் வெளியிட்டன. இந்தியாவும் அதில் இருந்தது; 11-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி நம் பங்கு. மொத்தம் சுமார் 38.9 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் 37,544 என்று அன்று கணக்கிட்டார்கள். அதைவிட வியப்பு, தொகுதியில் குறைந்தது 35 விழுக்காடு தாவும் மரபணுத் துண்டுகளாக இருந்ததுதான். டிரான்ஸ்போசான்கள் என்று பாடநூல்கள் சொல்வது இவற்றைத்தான். பார்பரா மெக்ளின்டாக் 1940-களில் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் மக்காச்சோள மணிகளின் நிறப் புள்ளிகளைப் பின்தொடர்ந்து சென்று இவற்றைக் கண்டுபிடித்தார். அவருக்கு நோபல் பரிசு வந்தது 1983-ல், 81-ஆம் வயதில்.

இவற்றில் பெரும் பிரிவுகள் இரண்டு. ஒரு வகை தன்னை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்து, அந்தப் படியிலிருந்து புது டி.என்.ஏ. செய்து வேறோர் இடத்தில் செருகிக்கொள்ளும். பழைய பிரதி இருந்த இடத்திலேயே இருக்க, எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். மற்றொரு வகை தன்னையே வெட்டி எடுத்துக்கொண்டு வேறிடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வெட்டுவதற்கான நொதியைத் தானே செய்யத் தெரியாமல், பிறர் செய்த நொதியில் பிழைக்கிற குட்டித் துண்டுகளும் உண்டு. நெல்லின் எம்பிங் அப்படிப்பட்டது. அதன் நீளம் 430 எழுத்துதான். பிங் என்ற பெரிய துண்டு செய்யும் நொதியைக் கொண்டு அது தாவும்.

அடக்குவார் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெல்லின் உறவுக்குள்ளேயே சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் விளையும் ஒரைசா ஆஸ்திராலியென்சிஸ் என்ற காட்டு நெல்லின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 96.5 கோடி எழுத்து. நாம் உண்ணும் நெல்லுக்கு இருமடங்குக்கும் மேல். படியெடுத்துப் பெருகும் துண்டுகளில் மூன்றே மூன்று குடும்பங்கள் கடந்த 30 லட்சம் ஆண்டுகளுக்குள் பெருகியதன் விளைவு இது. இன்று அந்தத் தொகுதியில் சுமார் 60 விழுக்காடு அந்த மூன்று குடும்பங்களுடையது என்று 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது.

நம் வயல் நெல்லில் ஏன் அப்படி நடக்கவில்லை? செடி காவல் போட்டிருக்கிறது. அந்தக் காவல் ஒரே அடுக்காக இல்லை.

டி.என்.ஏ.யின் சைட்டோசின் எழுத்துகள் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குழுவை ஏற்றிவிடுவது ஓர் அடுக்கு. மெத்தில் அடர்ந்த பகுதியைச் செல் படிப்பதில்லை. படிக்காத துண்டு தாவ வழியில்லை. செல் பிரியும்போது இந்த அடையாளம் புதுப் பிரதிக்கும் போய்ச் சேர வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் மெட்1 நொதிகளில் முக்கியமான ஒன்றை நெல்லில் முற்றிலும் முடக்கினால் நாற்றுப் பருவம் தாண்டுவதற்குள் செடி செத்துவிடுகிறது. அடுத்த அடுக்கு, 24 எழுத்து நீளமுள்ள சிறு ஆர்.என்.ஏ.க்கள். எந்தத் துண்டின் மேல் மெத்தில் ஏற்ற வேண்டும் என்று இனங்காட்டிக் கொடுப்பது இவற்றின் வேலை. இன்னோர் அடுக்கு, டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் இருக்கிறது. அந்தப் புரதத்தின் 9-ஆம் இடத்து லைசினில் மெத்தில் ஏறினால் அந்தப் பகுதி மூடப்படும். அதை ஏற்றும் நொதிகளில் ஒன்றான எஸ்டிஜி714-ஐக் குறைத்தபோது, அடங்கியிருந்த டோஸ்17 என்ற துண்டு தாவத் தொடங்கியதை 2007-ல் கண்டார்கள்.

இவ்வளவும் மூடுவதற்கான ஏற்பாடுகள். திறப்பதற்கென்று தனி அடையாளம் உண்டு. அதே ஹிஸ்டோனில் 4-ஆம் இடத்து லைசினில் மெத்தில் ஏறினால் ‘இந்தப் பகுதியைப் படிக்கலாம்’ என்று பொருள். அப்படியென்றால், மூடும் அடையாளத்தை ஏற்றினால் மட்டும் போதுமா, திறக்கும் அடையாளத்தை யாராவது துடைக்கவும் வேண்டுமா? பெய்ஜிங்கில் சியாவோஃபெங் சாவோவின் குழு 2013-ல் இதற்கு விடை கண்டது. ஜேஎம்ஜே703 என்ற நெல் புரதம் அந்த 4-ஆம் இடத்து மெத்திலைத் துடைக்கிறது. அதை முடக்கிய செடிகளில் திறப்பு அடையாளம் பெருகியது, பல மரபணுக்களின் ஒழுங்கு கெட்டது, படியெடுத்துப் பெருகும் துண்டுகளில் இரண்டு குடும்பங்கள் மீண்டும் தாவின. அதே செடிகளில் டோஸ்17 மட்டும் அசையவில்லை. அதை மற்ற அடுக்குகள் பிடித்து வைத்திருந்தன. எந்தக் குடும்பத்தை எந்த அடுக்கு அடக்குகிறது என்பது துண்டுக்குத் துண்டு வேறுபடுகிறது.

இது வெறும் ஆய்வகச் செய்தி என்று நினைக்க வேண்டாம். உழவர் கண்ணுக்குத் தெரிகிற குணங்களும் இந்தக் காவலோடு பின்னியிருக்கின்றன. 24 எழுத்துச் சிறு ஆர்.என்.ஏ.க்களைச் செய்யும் டிசிஎல்3ஏ என்ற நொதியை அதே குழு 2014-ல் குறைத்துப் பார்த்தது. செடி குள்ளமானது, கண்ணாடி இலை விரிந்து சாய்ந்தது, கதிரின் உட்கிளைகள் குறைந்தன. காரணம், எம்பிங் போன்ற குட்டித் துண்டுகள் மரபணுக்களின் அருகே குடியிருப்பதுதான். செடியின் உயரத்தையும் இலைச் சாய்வையும் தீர்மானிக்கும் வளர்ச்சி ஊக்கிகளின் மரபணுக்கள் சிலவற்றின் பக்கத்திலும் அவை உண்டு. துண்டை அடக்கும்போது அண்டையில் இருக்கும் மரபணுவும் சற்று அடங்குகிறது. காவல் போனால் அண்டை மரபணுவின் அளவும் தப்பிப்போகிறது.

குலை நோய்க்கும் இதில் கதை இருக்கிறது. பிக்ம் என்ற மரபணுக் கூட்டத்தில் ஒரு மரபணு நோயை எதிர்க்கும். இன்னொன்று விளைச்சலுக்கு உதவும், ஆனால் முதலாவதன் கையைக் கட்டிப்போடும். இரண்டாவதன் முகப்பில் இரண்டு குட்டித் தாவும் துண்டுகள் இருக்கின்றன. செடி அந்தத் துண்டுகளை இலையில் மெத்தில் ஏற்றி அடக்குவதால் இரண்டாவது மரபணுவும் அங்கே அடங்கி, நோய் எதிர்ப்பு தடையின்றி வேலை செய்கிறது. மகரந்தத்தில் அந்த மரபணு விழித்திருந்து மணி பிடிக்க உதவுகிறது. ஷாங்காய் ஆய்வாளர்கள் 2017-ல் இதை வெளியிட்டார்கள். நோய் தாங்கினால் விளைச்சல் குறையும் என்பது உழவர் பலரும் கண்ட அனுபவம். இங்கே அந்த இரண்டையும் சமன் செய்து வைத்திருப்பது, பல காலம் குப்பை என்று ஒதுக்கப்பட்ட துண்டுகள்.

இனி, காவல் எப்போது தளர்கிறது என்று பாருங்கள். உங்கள் வாதத்தோடு நேரே தொடர்புள்ள இடம் இது.

1996-ல் ஜப்பானின் ஹிரோஹிகோ ஹிரோசிகாவும் உடன் ஆய்வாளர்களும் திசு வளர்ப்பில் எழுந்த நெற்செடிகளை ஆராய்ந்தார்கள். நிப்பான்பரேயில் டோஸ்17 இரண்டே பிரதிகளாக இருக்கும் துண்டு. வயலில் அது அசைவதில்லை. செல்லைப் பிரித்துக் கண்ணாடிக் குடுவையில் கேலஸ் என்னும் உருவமற்ற செல் திரளாக வளர்த்தால் விழித்துக்கொள்கிறது. அப்படி எழுந்த செடிகளில் அதன் புதிய பிரதிகள் 5 முதல் 30 வரை சேர்ந்திருந்தன. முழுச் செடியாக வளர்ந்ததும் மறுபடி அடங்கிவிடும். ஆனால் குடுவையில் இருந்தபோது போய்ச் செருகிய இடங்கள் அப்படியே விதைக்கு இறங்கும். மரபணுக்கள் நிறைந்த பகுதிகளில் செருகிக்கொள்வதுதான் இதற்கு வழக்கம். இதையே கருவியாக்கி ஜப்பானியர்கள் சுமார் 50,000 நெல் வரிசைகளை உண்டாக்கினார்கள். அறுவடைக்கு முன்பே கதிரில் முளைத்துவிடும் வகைகள்கூட அவற்றில் அகப்பட்டன. வெளியிலிருந்து ஒரு துளி டி.என்.ஏ.வும் போகவில்லை, எந்தத் திருத்தக் கருவியும் பயன்படவில்லை.

கலப்பும் காவலைத் தளர்த்துகிறது. சீனாவில் ஒரு நெல் ரகத்தில் ஜிசானியா என்ற தூரத்து உறவுப் புல்லின் மரபுக் கூறுகளைக் கலப்பின் மூலம் சேர்த்தார்கள். பிறந்த வரிசைகளில் எம்பிங்கும் அதன் உறவான பாங்கும் இடம் மாறியிருந்தன. காமா கதிர் பட்ட ஜப்பானிய நெல் ஒன்றில் உமி ஒடுங்கிப் போனது. காரணம் தேடியபோது எம்பிங் செருகியிருந்தது தெரிந்தது. அது விலகிய செடிகளில் உமி பழையபடி திரும்பியது.

மேற்சொன்ன எல்லாவற்றிலும் மனிதன் கை இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். கிம்போசு என்ற பழைய ஜப்பானிய உழவர் ரகத்தைப் பாருங்கள். நிப்பான்பரேயில் எம்பிங் 50 பிரதிகள் அளவில்தான் இருக்கிறது. கிம்போசுவின் சில வரிசைகளில் ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொரு செடியிலும் ஏறத்தாழ 40 புதிய செருகல்கள் நடப்பதாக கியோட்டோ, ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் எழுதினார்கள். ஆய்வகமும் குடுவையும் இல்லாமல், சாதாரண வயலில், சாதாரண விதைப்பில் நடப்பது இது. செடி அதைத் தாங்குவது எப்படி? எம்பிங் பெரும்பாலும் புரதம் செய்யும் பகுதிகளைத் தவிர்த்து, மரபணுவின் முகப்பில் போய் உட்காருகிறது. அப்படி உட்கார்ந்த சில மரபணுக்கள் குளிர் பட்டாலோ உப்பு ஏறினாலோ கூடுதலாக வேலை செய்யத் தொடங்கியதை 2009-ல் காட்டினார்கள். காவல் ஏன் அதைப் பிடிக்கவில்லை என்பதற்கும் விடை உண்டு. எம்பிங்கில் நொதிக்கான எழுத்துகள் கிடையாது. ஆகவே எம்பிங்கை இனங்கண்டு மெத்தில் ஏற்றினாலும் நொதி செய்யும் பிங் அடங்குவதில்லை.

கிம்போசுவை ஜப்பானோடு விட்டுவிட்டால், கருப்பு நெல் நமக்குப் பழக்கமானது. விதைத் திருவிழாக்களில் கருப்புக் கவுனிக்குக் கூடும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். ஆசியாவின் கருப்பு நெல்களுக்கு அந்த நிறம் எப்படி வந்தது என்று 2015-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். கலா4 என்ற மரபணுவின் முகப்பில் நேர்ந்த ஒரு பெரிய இடமாற்றமே அதற்குக் காரணம். அந்த முகப்பில் தாவும் துண்டு ஒன்றின் பகுதியும் இருக்கிறது. அந்த இடமாற்றத்தால், மணித்தோலில் அடங்கியிருக்க வேண்டிய மரபணு விழித்துக் கருநிறத்தைச் சேர்க்கிறது. வெப்பமண்டல ஜப்போனிகா நெல்லில் தோன்றிய இந்த மாற்றம் கலப்பின் வழியே மற்ற நெல்களுக்கும் பரவியது. யாரோ ஓர் உழவர் அந்தக் கருநிறக் கதிரைக் கலவன் என்று பிடுங்கி எறியாமல் தனியே எடுத்து வைத்ததால்தான் அது இன்றுவரை வந்திருக்கிறது.

பாரம்பரிய நெல் காக்கும் தோழர்களே, முதலில் உங்களிடம். ‘தொடாத மரபு’ என்ற நிலத்தில் நின்று வாதாடாதீர்கள்; அங்கே ஊன்ற இடமில்லை. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் அசையாமல் நின்றதால் நமக்கு வந்து சேரவில்லை. மாறிக்கொண்டே இருந்த நெல்லிலிருந்து ஒவ்வொரு பருவமும் கதிர் பொறுக்கி, கலவன் நீக்கி, வேண்டியதை வைத்து வேண்டாததை விலக்கிய கைகளால் வந்தன. உங்கள் உரிமைக் கோரிக்கைக்கு இது பலம் கூட்டுகிறது. மரபு தானாக நிலைத்திருக்கும் பொருளாக இருந்தால், அதைக் காத்தவருக்குப் பங்கு கேட்க என்ன நியாயம் இருக்கிறது? ஆகவே வாதத்தை அங்கே கொண்டு போங்கள். திருத்தக் கருவியின் காப்புரிமை யாரிடம் இருக்கிறது, உழவர் விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாமா, 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் தந்த உரிமை இந்த ரகங்களுக்கும் குறைவின்றிப் பொருந்துமா என்று கேளுங்கள். அந்தக் கேள்விகளை எந்த ஆய்வாளரும் அறிவியலைக் காட்டித் தள்ளிவிட முடியாது.

இப்போது பயிர் அறிவியலாளர்களிடமும் அவர்களுக்காகப் பேசுபவர்களிடமும். ‘ஒரே ஓர் இடம்தான் மாறியது’ என்பது உங்கள் கருவி செய்த வேலைக்குப் பொருந்தும். வயலுக்குப் போகிற செடி முழுமைக்கும் அது அப்படியே பொருந்துவதில்லை. திருத்திய செல்லிலிருந்து செடியை எழுப்பப் பொது வழி திசு வளர்ப்பு. திசு வளர்ப்பில் டோஸ்17 என்ன செய்யும் என்பது 1996-லிருந்தே தெரியும். சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் 2018-ல் திருத்தம் செய்த நெற்செடிகளின் முழுத் தொகுதியைப் படித்துப் பார்த்தார்கள். திருத்தக் கருவி தவறான இடத்தில் வெட்டியது மிக அரிது. ஆனால் திசு வளர்ப்பினால் மட்டும் ஒரு செடியில் 102 முதல் 148 வரை ஒற்றை எழுத்து மாற்றங்களும், 32 முதல் 83 வரை சிறு செருகல் அல்லது இழப்புகளும் நேர்ந்திருந்தன. கருவியின் துல்லியத்துக்கு அந்த ஆய்வு சான்று தருகிறது. செடியில் வேறெதுவும் மாறவில்லை என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை.

இதைக் கேட்டு யாரும் பீதியைக் கிளப்ப வேண்டாம். தாய் ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலப்பதும் தலைமுறை தோறும் தேர்வு செய்வதும் தேவையற்ற மாற்றங்களில் பெரும்பகுதியைக் கழித்துவிடும். ஒரு செருகல் நடந்தது என்பதாலேயே அரிசி கெட்டுவிட்டதாகாது. கிம்போசு ஆண்டுக்காண்டு அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. இருந்தாலும் ‘கழித்துவிட்டோம்’ என்று சொன்னால் போதாது, காட்ட வேண்டும். 2022 மார்ச்சில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம், வேற்று டி.என்.ஏ. எஞ்சாத திருத்தப் பயிர்களுக்கு, மரபணு மாற்றிய உயிர்கள் குறித்த 1989-ஆம் ஆண்டு விதிகளின் சில பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. வெளியிலிருந்து வந்தது எதுவும் எஞ்சவில்லை என்று நிறுவுவதே அந்த விலக்கின் மையம். உள்ளேயே இருந்து விழித்த துண்டுகள் அந்தச் சோதனையில் அகப்படா.

ஆகவே என் கோரிக்கை மூன்று. முதலாவது, திசு வளர்ப்பு வழியாக வந்த எந்த நெல் ரகமானாலும், தாய் ரகத்தில் தாவும் துண்டுகள் எங்கெங்கே இருந்தன, புது ரகத்தில் எங்கெங்கே இருக்கின்றன என்ற ஒப்பீட்டை வெளியிடும் தருணத்திலேயே பொதுவில் வையுங்கள். ஒரே மாதிரியான துண்டுகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், தொகுதியைக் குட்டிக் குட்டியாக வெட்டிப் படிக்கும் பழைய முறை இதற்குப் போதாது. நீளமான துண்டுகளாகப் படிக்கும் முறை இன்று கைக்கெட்டும் நிலையில் இருக்கிறது. இரண்டாவது, மெத்தில் அடையாளங்களையும் சேர்த்துப் பாருங்கள். காவல் தளர்ந்த செடியின் எழுத்துகள் சரியாக இருந்தாலும் உயரமோ கதிரோ பின்னொரு தலைமுறையில் தடுமாறலாம். மூன்றாவது, இதே அளவுகோலை மகரந்தப்பை வளர்ப்பில் வந்த ரகங்களுக்கும், கதிர்வீச்சில் பிறந்த ரகங்களுக்கும், தூரத்து உறவோடு கலந்து எடுத்த ரகங்களுக்கும் வையுங்கள். ஒரு முறைக்கு மட்டும் கெடுபிடி, மற்றவற்றுக்குக் கண்மூடல் என்பது அறிவியலும் ஆகாது, நியாயமும் ஆகாது.

இந்த வேலைக்கு நம்மிடம் ஆட்கள் இல்லாமல் இல்லை. நெல் குரோமோசோமின் ஒரு பகுதியைப் படித்த நாடு இது. நெல்லின் சிறு ஆர்.என்.ஏ.க்களை ஆராயும் குழு பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலேயே இருக்கிறது. கோவையிலும் ஐதராபாத்திலும் தில்லியிலும் கருவிகளும் மாணவர்களும் உண்டு.

இனி மேடையில் ‘இந்த நெல்லின் மரபு மாற்றப்பட்டதா?’ என்று கேட்பதை நிறுத்திவிடுங்கள். எந்த நெல்லுக்கும் அதற்கு விடை ‘ஆம்’ என்பதுதான். ‘என்ன மாறியது, எங்கே, யார் சரிபார்த்தார், அந்தத் தரவு எங்கே இருக்கிறது, விதை யார் கையில் இருக்கும்?’ என்று கேளுங்கள். இந்த ஐந்தும் இரு தரப்புக்கும் பொதுவான கேள்விகள். மேற்சொன்ன மூன்று கோரிக்கைகளையும் ஒரே மனுவாக எழுதி, விதை காப்பவரும் ஆய்வாளரும் சேர்ந்து கையெழுத்திட்டு, அடுத்த ரக வெளியீட்டுக்கு முன்பே வேளாண் அமைச்சகத்தில் கொடுங்கள். கொள்கையில் யாரும் யாரிடமும் தோற்காமல் செய்யக்கூடிய வேலை இது.

அன்புடன்,
உங்கள் இரு தரப்புக் கூட்டங்களிலும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கும் ஒருவன்